டன்விச்சில் 52 ஆலயங்கள் இருந்தனவா? பழைய கெஜட்டியர் வரிகளை எவ்வளவு நம்பலாம்

ஜனவரி 11 – ஒரு வாசகரின் கேள்வி

சார், இங்கிலாந்தில் சஃபோக் கடற்கரையில் டன்விச் என்று ஒரு ஊர், பெரும்பகுதி கடலுக்குள் போய்விட்டது என்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டு ஆட்கள் எழுதியதைப் புரட்டினால் அங்கே ஒரு காலத்தில் 52 ஆலயங்களும் மடங்களும் இருந்தன, ராஜாவின் அரண்மனை, நாணயச்சாலை, பிஷப்பின் பீடம் எல்லாம் இருந்தன என்று வருகிறது. பல பேர் ஒரே மாதிரி எழுதியிருப்பதால் உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்கள் அந்தப் பக்கம்தானே இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

ஜனவரி 11, இரவு

பல பேர் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்குச் சந்தேகத்தையே கிளப்புகிறது. அந்தக் காலத்துக் கெஜட்டியர்காரர்கள் (ஊர் ஊராக விவரம் தொகுத்து அகராதி மாதிரிப் புத்தகம் போட்டவர்கள்) ஒவ்வொரு ஊருக்கும் நடந்து போய் எண்ணிப் பார்த்தவர்கள் இல்லை. சாமுவேல் லூயிஸ் 1831இல் வெளியிட்ட அகராதிக்கு ஊர்ப் பெரியவர்கள், பாதிரியார்கள் ஆகியோரிடம் தகவல் கேட்டு வாங்கிச் சேர்த்தார். 1870–72இல் ஜான் மேரியஸ் வில்சன் இம்பீரியல் கெஜட்டியர் போட்டபோது சென்சஸ் கணக்கைப் புதிதாக எடுத்துக்கொண்டாலும், பழங்கதைப் பகுதிக்கு முன்னால் வந்த புத்தகங்களைத்தான் சார்ந்திருந்தார். டன்விச்சைப் பொறுத்தவரை எல்லோருக்கும் ஊற்று 1754இல் வந்த தாமஸ் கார்ட்னரின் வரலாறு. கார்ட்னர் பக்கத்து ஊரான சவுத்வோல்டில் உப்பு வரி அதிகாரியாக இருந்தவர். ஆள் கெட்டிக்காரர், ஆனால் ஊர்க்கதைகளை விரட்டுகிற ரகம் இல்லை.

52 என்ற எண்ணுக்கு வருகிறேன். ஆவணங்களை வைத்து எண்ணினால் எட்டு பாரிஷ் (ஆலயப் பங்கு) ஆலயங்கள், ஐந்து துறவியர் இல்லங்கள், மூன்று சிற்றாலயங்கள், இரண்டு மருத்துவச் சத்திரங்கள். கூட்டினால் 18. இதுவே ஒரு கடற்கரைப் பட்டணத்துக்குப் பெரிய எண்ணிக்கை. அதை 52 ஆக்கியது யார் பெருமைக்காக என்று யோசித்தால் ஊர்க்காரர்களின் பெருமைக்காகத்தான்.

ஜனவரி 12

இன்னொன்றும் உண்டு. கெஜட்டியர் பத்தியில் எல்லா வரியும் ஒரே வயது இல்லை. 1831 என்று அட்டையில் போட்டிருக்கும். உள்ளே ஒரு வரி 1821 சென்சஸிலிருந்து, அடுத்த வரி 1535இல் எட்டாம் ஹென்றி எடுத்த சர்ச் வருமானக் கணக்கிலிருந்து ("ராஜாவின் ஏடுகளில்" இத்தனை பவுன் என்று வருமே, அதுதான்), அதற்கடுத்தது 1086 டோம்ஸ்டே என்ற நில, வரிக் கணக்கெடுப்பின் பதிவிலிருந்து, அப்புறம் ஒரு வரி யாரோ சாராயக்கடையில் சொன்னது. நாலும் ஒரே தொனியில், கமா போட்டுப் போட்டு, தலைநிமிர்ந்து நிற்கும்.

ஜனவரி 12, மதியம்

டோம்ஸ்டே கணக்கு எப்படி இருக்கும் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். டன்விச் பதிவு இந்தப் பகுதியின் ரத்தினம் என்பேன். அப்போது ஊரை வைத்திருந்தவர் ராபர்ட் மாலெட் என்ற நார்மன் பிரபு. நார்மன்கள் வருவதற்கு முன் 120 பட்டணத்துக் குடிகள், 1086இல் 236 பேர், அதற்குமேல் 178 ஏழைகள். ஆலயம் ஒன்று இருந்தது மூன்றாகியிருக்கிறது. செலுத்த வேண்டியது முன்பு 10 பவுன், இப்போது 50 பவுனும் 68,000 ஹெர்ரிங் மீனும். ஆமாம், மீன். இதை வைத்து ஊரில் 3,000 பேர் வரை இருந்திருக்கலாம் என்று கணிக்கிறார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது பெரிய ஊர்.

ஆனால் எனக்குப் பிடித்த வரி வேறு. முன்பு இரண்டு ஏர் நிலம் (ஒரு முழு எருதுப் பூட்டு ஒரு வருஷத்தில் உழக்கூடிய பரப்பை ஒன்று என்று கணக்கு), இப்போது ஒன்று, மற்றதைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஒரு வரிக் கணக்கர் எழுதியது. சோகம் கிடையாது, இரண்டில் ஒன்று குறைவு, அவ்வளவுதான். புயல்களின் பெயரெல்லாம் வருவதற்கு இருநூறு வருஷம் முன்பே கடல் அரிக்க ஆரம்பித்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 52 ஆலயம் கேட்டவர்களுக்கு நான் இந்த ஒரு வரியைத்தான் காட்டுவேன்.

ஜனவரி 14

"டோம்ஸ்டேயை மட்டும் எப்படி நம்புகிறீர்கள்?" நல்ல கேள்வி. அது வரி வசூலுக்காக எடுத்தது. சஃபோக், நார்ஃபோக், எஸெக்ஸ் மூன்றுக்கும் தனித் தொகுதி இருக்கிறது. மற்ற மாவட்டங்களைவிட விவரம் அதிகம், ஆடு மாடு பன்றி வரைக்கும். வரி கட்டுகிறவன் குறைத்துச் சொல்லப் பார்ப்பான், வாங்குகிறவன் கூட்டப் பார்ப்பான், இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட எண்தான் ஏட்டில் ஏறும். ஊர்ப்பெருமை எழுதுகிறவனை எதிர்த்துப் பேச ஆளே கிடையாது.

ஜனவரி 14, இரவு

பிஷப் பீடம் பற்றிக் கேட்டதை விட்டுவிட்டேன். கி.பி. 630 வாக்கில் கிழக்கு ஆங்கிலியா மன்னர் சிகெபெர்ட், பெலிக்ஸ் என்ற பிஷப்புக்கு டொம்மொக் என்ற இடத்தில் பீடம் கொடுத்தார் என்று எட்டாம் நூற்றாண்டுத் துறவியும் வரலாற்றாசிரியருமான பீட் எழுதியிருக்கிறார். அந்த டொம்மொக்தான் டன்விச் என்று விக்டோரியா காலத்தவர்கள் சந்தேகமே இல்லாமல் எழுதினார்கள். இன்னொரு கட்சி, அது தெற்கே ஃபெலிக்ஸ்டோ பக்கம் இருந்த வால்டன் ரோமானியக் கோட்டை என்கிறது. வேடிக்கை என்னவென்றால் வால்டன் கோட்டையும் கடலுக்குள் போய்விட்டது. ஆக வாதி பிரதிவாதி இருவரும் தண்ணீருக்கு அடியில், தீர்ப்பை மீன்கள்தான் சொல்ல வேண்டும்.

ஜனவரி 19

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போயிருந்தேன். (இப்ஸ்விச்சிலிருந்து காரில் போகிற தூரம்தான். லண்டனிலிருந்து வருகிறவர்கள் கோடையில் ராத்திரி முழுக்கச் சைக்கிள் மிதித்து, 180 கிலோமீட்டர் வாக்கில், விடியும்போது இந்தக் கடற்கரையில் வந்து விழுவார்கள். அது ஒரு தனிப் பைத்தியம்.)

கடற்கரையில் கூழாங்கல், ஒரு தேநீர்க் கடை, மேலே மணல் மேடு. அந்த மேடுதான் விஷயம். பாறையே இல்லை, மணலும் சரளையும்தான். புயல் அடியில் தோண்டினால் மேலே இருப்பது சரிய வேண்டியதுதான். ஆல் செயின்ட்ஸ் ஆலயம் அப்படித்தான் போனது. பதினெட்டாம் நூற்றாண்டு நடுவிலேயே கைவிட்டுவிட்டார்கள். 1904இல் விளிம்பு கட்டிடத்தைத் தொட்டது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, 1919இல் கோபுரமும் போனது. அந்த இடைப்பட்ட காலத்தில் எடுத்த தபால் அட்டைப் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. கல்லறைத் தோட்டம் சரிந்தபோது மேட்டிலிருந்து எலும்புகள் நீட்டிக்கொண்டிருந்ததாகச் சொல்வதைக் கட்டுக்கதை என்று நினைத்துவிட வேண்டாம், அது பலரும் பார்த்த, பதிவான சங்கதி. மிஞ்சிய ஒரே ஒரு உதைசுவரை மட்டும் பெயர்த்துக் கொண்டுவந்து உள்ளே தள்ளி இருக்கிற செயின்ட் ஜேம்ஸ் ஆலய வளாகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.

மேட்டின் மேல் கிரேஃபிரையர்ஸ் மடத்தின் மதிலும் இடிபாடும் இருக்கின்றன. பிரான்சிஸ்கன் துறவிகள் முதலில் கடலுக்குப் பக்கத்தில் இருந்தார்கள், 1286 புயலுக்குப் பிறகு புத்தி வந்து 1290இல் உள்ளே தள்ளிக் கட்டினார்கள். இப்போது அந்த "உள்ளே"யும் விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.

ஜனவரி 20

செயின்ட் ஜேம்ஸ் பற்றி ஒரு குறிப்பு, கெஜட்டியர் படிக்கிறவர்களுக்கு உதவும். அது 1832இல் கட்டியது. ஆகவே ஒரு பதிவு ஆல் செயின்ட்ஸ் பாழாகக் கிடக்கிறது என்று மட்டும் சொன்னால் அந்த வரி 1832க்கு முந்தையது என்று வைத்துக்கொள்ளலாம், புத்தகம் எந்த வருஷம் அச்சானாலும் சரி. அதே 1832இல்தான் சீர்திருத்தச் சட்டம் வந்து டன்விச்சின் இரண்டு எம்.பி. இடங்களையும் பிடுங்கியது. ஒரே வருஷத்தில் இரண்டு எம்.பி. போய் ஒரு சர்ச் வந்தது.

ஜனவரி 20, சற்று நேரம் கழித்து

எம்.பி. என்றதும் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஆமாம், 1298 முதல் 1832 வரை இந்த ஊர் இரண்டு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. ஊர் மூழ்கினாலும் உரிமை மூழ்கவில்லை. கேம்பிரிட்ஜில் டவுனிங் கல்லூரி இருக்கிறதே, அது எவருடைய சொத்தில் எழுந்ததோ அந்த சர் ஜார்ஜ் டவுனிங் இந்தத் தொகுதியின் எம்.பி.யாக நெடுங்காலம் இருந்தவர். வாக்காளர்கள் படகில் ஏறிப் பழைய டவுன் ஹால் இருந்த இடத்துக்கு மேலே மிதந்தபடி ஓட்டுப் போட்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அது கிண்டலுக்குச் சொன்னது, தயவுசெய்து அதையும் யாரும் விக்கிப்பீடியாவில் ஏற்றிவிடாதீர்கள்.

"ஓல்டு சாரம் மாதிரியா?" என்று ஒருவர் (குடியே இல்லாத மேடாகியும் எம்.பி. அனுப்பிக்கொண்டிருந்த ஊர் அது). ஆமாம், ரெண்டும் 1832 சட்டத்தின் ஒரே அட்டவணையில் பறிபோனவை, மொத்தம் 56 ஊர்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு அதில் ஒரு சங்கதி உண்டு. ஓல்டு சாரத்தை 1691இல் விலைக்கு வாங்கிய தாமஸ் பிட் பிறகு 1698இல் சென்னைக் கோட்டையின் கவர்னராக வந்தவர், வைரம் பிட் என்று பெயர் பெற்றவர். அவர் பேரன்தான் 1735இல் அதே காலி மேட்டின் எம்.பி.யாக உள்ளே நுழைந்து பிற்பாடு பிரதமரான மூத்த வில்லியம் பிட். ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்கு விட்டுச் சம்பாதித்த பால் பென்ஃபீல்டும் இங்கிலாந்து திரும்பி இப்படித் தொகுதி வாங்கினவர்தான், கிரிக்லேடில். சரி, நாம் சஃபோக்குக்குத் திரும்புவோம், இது நீண்டுகொண்டே போகும்.

ஜனவரி 23

நகராட்சி விஷயத்தில் ஒரு நுணுக்கம். எம்.பி. போனாலும் டன்விச்சின் நகராட்சி போகவில்லை. 1835 நகராட்சிச் சட்டம் இந்த ஊரைத் தொடவில்லை. இரண்டு பெய்லிஃப்கள் (ஊர்த் தலைவர்கள்), பழைய முத்திரை, செங்கோல் என்று 1886 வரை ஓடியது. அதனால் 1870இல் வந்த கெஜட்டியரில் "நகராட்சி உண்டு" என்றிருந்தால் அது பழங்கதை இல்லை, நிகழ்காலம். இருநூற்றுச் சொச்சம் பேர் இருந்த கிராமத்துக்கு நகராட்சி. அதன் சொத்துகள் ஒரு அறக்கட்டளைக்குப் போய் இன்றைக்கும் ஊர்க்காரர்களுக்கு உதவிக்கொண்டிருக்கின்றன.

முதல் நாள் நான் எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் கெஜட்டியரே குப்பை என்கிறீர்களா" என்று ஒருவர் கோபப்பட்டிருந்தார். அது என் கட்சி இல்லை. பத்தியில் பழைமை பேசுகிற பாதி வேறு, அந்த வருஷத்து நிர்வாகம் பேசுகிற பாதி வேறு. பாதிரியார் நியமன உரிமை யாரிடம், எந்த ஹண்ட்ரட் (மாவட்டத்தின் பழைய உட்பிரிவு), எந்த மறைமாவட்டம், எத்தனை வீடு, எந்த ரயில் நிலையம் பக்கம் என்கிற பாதியில் நான் கை வைக்கிறதே இல்லை, தங்கம் அது.

ஜனவரி 23, இரவு

ரயில் நிலையம் என்றேன், விளக்கிவிடுகிறேன். இந்தப் பக்கத்துப் பதிவுகளுக்கு வயது பார்க்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஹேல்ஸ்வொர்த் நிலையம் 1854இல் வந்தது. டார்ஷம் நிலையம் 1859இல், கிழக்கு சஃபோக் பாதை திறந்தபோது. சவுத்வோல்டுக்குப் போன குறுகிய பாதை ரயில் 1879இல் ஆரம்பித்து 1929இல் நின்றது. ஆக ஒரு கெஜட்டியர் டன்விச்சுக்கு டார்ஷம் நிலையத்திலிருந்து தூரம் சொன்னால் அந்த வரி 1859க்குப் பிந்தியது. லண்டனிலிருந்து சாலை மைல் மட்டும் சொன்னால் பெரும்பாலும் கோச் வண்டிக் காலத்துப் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்தது. அட்டையில் இருக்கிற வருஷத்தை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன்.

ஜனவரி 27

வேலையிடத்தில் ஒருவர், வெள்ளைக்காரர், அம்மா வழி முன்னோர் "டன்விச் பக்கம்" என்று மட்டும் தெரியும், ஒன்றுமே கிடைக்கவில்லை என்றார். உட்கார்ந்து பார்த்தோம். இதே சிக்கலில் இங்கே சிலர் இருப்பதால் எழுதுகிறேன்.

டன்விச் என்ற பெயரில் பல ஊர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. பாரிஷ் ஒன்று. தேர்தல் தொகுதி ஒன்று. நகராட்சி ஒன்று. அப்புறம் கெஜட்டியர் "பிளைத்திங் மாவட்டத்தில் ஒரு துணை மாவட்டம்" என்று சொல்லும், அது 1837க்குப் பிறகு பிறப்பு இறப்பு பதிவதற்காகப் போட்ட கோடு, அதற்குள் அக்கம்பக்கத்து பாரிஷ்களும் அடக்கம். டன்விச் துணை மாவட்டத்தில் பிறந்தவர் டன்விச்சில் பிறந்தவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சக ஊழியரின் ஆள் கடைசியில் வெஸ்டில்டன்காரர். எத்தனையோ வருஷம் தப்பான பாரிஷ் ஏட்டில் தேடியிருக்கிறார் பாவம்.

மறைமாவட்டமும் கவனிக்க வேண்டியது. விக்டோரியா காலப் பதிவில் நாரிச் மறைமாவட்டம் என்றிருக்கும். 1914இல் சஃபோக்கைப் பிரித்து செயின்ட் எட்மண்ட்ஸ்பரி அண்ட் இப்ஸ்விச் என்று புதிது உண்டாக்கினார்கள். அதனால் நாரிச்சுக்கு ரயில் ஏறிவிடாதீர்கள், பாரிஷ் ஏடுகள் சஃபோக் ஆவணக் காப்பகத்தில், இப்ஸ்விச்சிலேயே இருக்கின்றன. 2020இல் புதுக் கட்டிடம் திறந்தார்கள், உட்கார நன்றாக இருக்கிறது, பென்சில் மட்டும் கொண்டுபோங்கள்.

ஜனவரி 27, இரவு

பிளைத்திங் என்றதும் ஞாபகம் வந்தது. பிளைத்பர்க் பக்கத்தில் பல்காம்ப் என்ற இடத்தில் ஏழைகளை அடைத்து வேலை வாங்குவதற்கு ஒரு பெரிய இல்லம் கட்டினார்கள். 1765இல் கட்டிக்கொண்டிருக்கும்போதே சுற்றுவட்டாரத்து ஜனங்கள் திரண்டு வந்து இடித்தார்கள். விடாமல் கட்டி 1766இல் திறந்தும்விட்டார்கள். 1835இல் அது புதிய ஏழைச் சட்ட யூனியனின் (பல பாரிஷ்கள் சேர்ந்த அமைப்பு) கைக்குப் போனது, பிறகு மருத்துவமனை, இப்போது வீடுகள். கெஜட்டியரில் "யூனியன் இல்லம் பல்காம்பில்" என்று ஒரு வரிதான் வரும். முன்னோர் திடீரென்று பாரிஷ் ஏட்டிலிருந்து காணாமல் போனால் முதலில் அந்த வரியைப் பிடியுங்கள்.

ஜனவரி 28

பிளைத்பர்க் ஆலயத்தில் 1577 ஆகஸ்ட் 4 அன்று வழிபாடு நடக்கும்போது இடி விழுந்து ஒரு ஆளும் ஒரு பையனும் செத்தார்கள், கோபுரக் கூம்பு விழுந்தது. கறுப்பு நாய் வடிவில் பிசாசு வந்தது என்று சொல்லி இன்றும் கதவில் நகக்கீறல் காட்டுவார்கள். இடி விழுந்தது நம்பக்கூடியது, நாய் உங்கள் இஷ்டம்.

பிப்ரவரி 2

"மூழ்கினது என்றால் ஒரே ராத்திரியில்தானே?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். எல்லா யூடியூப் காணொளியும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. இல்லை. 1286இலும் 1287இலும் அடுத்தடுத்த குளிர்காலப் புயல்கள் பெரிய அடி. ஆனால் ஊரைக் கொன்றது 1328 என்பேன், அதில் போன வீடுகளுக்காக அல்ல. அந்தப் புயல் துறைமுக வாயைக் கூழாங்கல்லால் அடைத்துவிட்டது. ஆறு வடக்கே வால்பர்ஸ்விக் பக்கம் புது வழி பார்த்துக்கொண்டது. கப்பல் வராத துறைமுகத்துக்கு வீடு இருந்தென்ன. வால்பர்ஸ்விக்கும் பிளைத்பர்க்கும் தங்கள் மீனை டன்விச்சுக்குச் சுங்கம் கட்டாமல் விற்கப் பார்த்தன, டன்விச் விடவில்லை, தலைமுறை தலைமுறையாகச் சண்டை, அடிதடி. 1347இல் இன்னொரு புயல், நானூறு வீடுகள் போயின என்பார்கள். கடைசியில் 1590இல் வால்பர்ஸ்விக்குக்கும் சவுத்வோல்டுக்கும் நடுவே புதிதாக ஒரு வாய் வெட்டினார்கள், அதுதான் இன்றைய துறைமுகம். டன்விச் அத்தியாயம் அதோடு முடிந்தது.

இந்தத் துறைமுக அடைப்பைப் பற்றி கெஜட்டியர்கள் சுருக்கமாகத்தான் சொல்லும். கடல் விழுங்கிய ஆலயம் என்றால் அரைப் பக்கம் எழுத வருகிறது, கூழாங்கல் அடைத்த ஆறு என்றால் எழுத வருவதில்லை.

பிப்ரவரி 3

போன குறிப்பை இரவெல்லாம் அசை போட்டேன். துறைமுகம் மட்டும்தான் காரணம் என்கிற மாதிரி எழுதிவிட்டேனோ என்று ஒரு நெருடல். இரண்டும் பின்னிக்கொண்டவைதான்: துறைமுகம் ஓடினவரை கடல் எடுத்ததற்குப் பதிலாக உள்ளே தள்ளிக் கட்ட ஊரில் காசு இருந்தது, துறவிகள் 1290இல் செய்த மாதிரி. காசு நின்ற பிறகு எடுத்தது எடுத்ததுதான். லெய்ஸ்டன் மடத்தைப் பாருங்கள். 1182இல் மின்ஸ்மியர் சதுப்பில் கட்டினார்கள், வெள்ளம் தாங்காமல் 1363இல் மேட்டுக்கு மாற்றினார்கள், புரவலர் இருந்தார், மாற்ற முடிந்தது.

பிப்ரவரி 3, இரவு

வால்பர்ஸ்விக்கும் ஜெயித்துவிடவில்லை. அவ்வளவு பெரிய ஆலயத்தைப் பராமரிக்கக் கையில் பணமில்லாமல் 1695இல் தாங்களே பெரும்பகுதியைப் பிரித்து விற்றுவிட்டு ஒரு மூலையில் மட்டும் வழிபட்டார்கள். வடக்கே கோவ்ஹைத்திலும் 1672இல் பாழ்ச் சுவர்களுக்கு நடுவே சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டார்கள். ஆக இந்தக் கரையில் இடிந்த சர்ச்சைப் பார்த்ததும் கடல் என்று சொல்லிவிட முடியாது.

பிப்ரவரி 9

சோனார் ஆய்வு பற்றிக் கேட்டவருக்கு. 1971லிருந்து ஸ்டூவர்ட் பேக்கன் என்பவர் முங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தண்ணீர் கலங்கல், கை நீட்டினால் கை தெரியாது, ஆழம் என்னவோ மூன்றிலிருந்து பத்து மீட்டர்தான். 2008இலிருந்து சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் சியர் குழு ஒலியலைக் கருவிகளை இறக்கியது, 2013இல் வரைபடம் வெளியிட்டார்கள். மூழ்கிய பட்டணம் சுமார் 1.8 சதுர கிலோமீட்டர். செயின்ட் பீட்டர்ஸ், செயின்ட் நிக்கலஸ், ஆல் செயின்ட்ஸ், டொமினிக்கன் மடம், செயின்ட் கேத்தரின் சிற்றாலயம் ஆகியவற்றின் இடிபாடுகளை அடையாளம் கண்டார்கள். வடக்குப் பகுதியில் துறைமுகத்தைச் சேர்ந்த மரக் கட்டிடங்கள்.

அவர்கள் ஒத்துப் பார்த்தது எதோடு தெரியுமா? 1587இல் ரால்ஃப் அகஸ் என்ற நில அளவைக்காரர் வரைந்த ஊர்ப் படத்தோடு. நானூறு வருஷத்துக்கு மேல் பழைய படம், ஆனால் சங்கிலி பிடித்து அளந்து வரைந்தது, அதனால் கடலுக்கடியில் உள்ளதோடு பொருந்துகிறது. 52 ஆலயக் கதைக்கு அப்படிப் பொருத்திப் பார்க்க ஒன்றும் இல்லை.

மணிச் சத்தம் கேட்குமா என்று கேட்ட தம்பிக்கு: புயல் ராத்திரியில் கடலுக்கடியில் ஆலய மணி அடிக்கும் என்பார்கள். ஆலயம் விழுகிற வரை காத்திருந்து மணியையும் சேர்த்து கடலுக்குக் கொடுக்க அந்தக் காலத்து பாரிஷ்காரர்கள் அவ்வளவு வசதியானவர்கள் இல்லை. மணி, ஈயக்கூரை, மரம் எல்லாம் காசு.

பிப்ரவரி 10

பரப்பளவு பற்றி. ஒரு புத்தகத்தில் ஒரு ஏக்கர் கணக்கு, அடுத்ததில் வேறு கணக்கு, எது சரி என்று கேட்கிறீர்கள். பொதுவாக மூன்று காரணம் இருக்கும். ஒன்று, பழைய எண்ணிக்கை குத்துமதிப்பு, பிந்தையது ராணுவ நில அளவைத் துறை அளந்தது. இரண்டு, தண்ணீரையும் கரையோரத்தையும் சேர்த்தார்களா இல்லையா என்பது. 1868 ஏழைச் சட்டத் திருத்தத்தில் ஒரு விதி வந்தது: கடல் ஒதுக்கிக் கொடுக்கிற நிலமும் தாழ்நீர்க் கோடு வரைக்குமான கரையும் பக்கத்து பாரிஷைச் சேரும். கடல் கொடுத்ததை யார் வைத்துக்கொள்வது என்ற சண்டை வராமல் இருக்க எழுதின விதி அது, டன்விச்சுக்கு அதனால் என்ன பிரயோசனம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது காரணம் கடலேதான்.

பிப்ரவரி 16

கேள்வி ஆரம்பித்தவர் மறுபடி எழுதியிருக்கிறார்: "சரி, 52ஐ அடித்துவிடலாமா?"

அடிக்க வேண்டாம். எந்தக் கெஜட்டியர் எந்த வருஷம் சொன்னது என்று எழுதி வையுங்கள், பக்கத்தில் 18 என்று எழுதுங்கள். ஊர் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டது என்பதும் ஒரு தகவல்தான், எம்.பி. இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பழம்பெருமை தேவைப்பட்ட ஊர் அது.

அவர் அடுத்து சவுத்வோல்டுக்கு வடக்கே ஈஸ்டன் பேவன்ட்ஸ் பதிவைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். ஒரு காலத்தில் இங்கிலாந்தின் கிழக்குக் கோடி பாரிஷ், இப்போது பெரும்பகுதி தண்ணீர். அந்தப் பெருமை லோஸ்டாஃப்டுக்குப் போய்விட்டது. லூயிஸின் 1848 பதிப்பையும் வில்சனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் இணையத்தில் இலவசம். முதலில் ரயில் நிலையத்தைத் தேடுங்கள், அப்புறம் மக்கள்தொகை எந்த சென்சஸ் என்று பாருங்கள், பழங்கதையைக் கடைசியில் படியுங்கள். பார்த்துவிட்டு இங்கேயே போடுங்கள், கோவ்ஹைத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.